ஒரே எண்ணில் இரண்டு கார்டுகள்

கம்ப்யூட்டரைப் பாட வைக்க வேண்டும் என்று அடம் பிடித்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடமாக எல்லாரும் மாமாவைத்தான் குறை சொல்கிறார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பம். வலை போட்டு வைக்கும் கொட்டகையில் ஒரு தொண்டு நிறுவனம் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்திருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த அவர்கள் அலுவலகத்துக்குத் தினமும் மூன்று மணிக்குக் கடல் சேதி வரும். அலை எத்தனை அடி, காற்று எந்தப் பக்கம் என்பதெல்லாம் அங்கிருந்து ஒரு கம்பி வழியாக வந்து கொட்டகைத் திரையில் தமிழில் நிற்கும். நான்கு மணிக்கு ஆட்கள் கடலுக்குக் கிளம்புவார்கள். கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு அம்மாவின் தம்பி, என் மாமா. பொன்னேரியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவர். அந்த ஆறு மாதத்தைக் குப்பத்தில் டாக்டர் படிப்பு மாதிரி மதித்தார்கள். மாமாவும் மறுத்ததில்லை.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் படிக்க வராது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் படித்துச் சொன்ன பிறகுதான் கிளம்புவார். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்.

டவுனில் கம்ப்யூட்டர் பாடுமாமே, நம்முடையது ஏன் ஊமையாக இருக்கிறது என்று நான் நச்சரித்து நச்சரித்து, மாமா சென்னைக்குப் போய்ப் பழைய சவுண்டு கார்டு ஒன்றை வாங்கி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெட்டியைத் திறந்து அதைச் செருகினார். கம்ப்யூட்டர் பாடியது. குப்பமே கொட்டகையில் கூடிவிட்டது. மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இப்போது நான் சென்னையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். அதனால் மறுநாள் அந்தப் பெட்டிக்குள் நடந்ததைச் சொல்ல முடியும். கம்பி வழியாக வரும் சேதியை நெட்வொர்க் கார்டு வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரின் மூளையான புரோசஸர் எந்நேரமும் வேறு வேலையில் இருக்கும். சேதி வந்ததா என்று அது ஓயாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கார்டுதான் தன் தடத்தில் ஒரு மின்குறி கொடுத்து அதைக் கூப்பிட வேண்டும். உடனே புரோசஸர் கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டு வந்து சேதியை எடுத்துக்கொள்ளும். இதற்குக் குறுக்கீடு என்று பெயர். ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் எண் உண்டு. யார் கூப்பிடுகிறார்கள் என்பது அந்த எண்ணை வைத்துத்தான் தெரியும். அந்தக் காலத்துக் கார்டுகளில் எண்ணை நாமே கையால் மாற்றி வைக்க வேண்டும். மாமாவின் ஆறு மாதத்தில் அது வரவில்லை. நெட்வொர்க் கார்டும் சவுண்டு கார்டும் ஐந்தாம் எண்ணிலேயே இருந்தன.

திங்கட்கிழமை மூன்று மணிக்குப் புயல் சேதி வந்தது. நெட்வொர்க் கார்டு கூப்பிட்டது. ஐந்தாம் எண் என்றதும் கடைசியாகச் செருகிய பாட்டுக் கார்டுதான் கூப்பிடுகிறது என்று புரோசஸர் அதைப் போய்ப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை, திரும்பிவிட்டது. சேதி வந்த இடத்திலேயே கிடந்தது. திரையில் முந்தைய நாள் சேதி நின்றது.

"இன்னா போட்டுக்குது, படிமா," என்றார் நைனா.

"அல மூணடி. காத்து கம்மின்னு போட்டுக்குது நைனா."

அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். அதன் பிறகுதான் திரையின் மேல் ஓரத்தைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தேதி. அன்று காலையில்தான் பள்ளிக்கூடக் கரும்பலகையில் திங்கட்கிழமைத் தேதியை என் கையால் எழுதியிருந்தேன்.

ஓடினேன். நைனா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. கடலுக்குப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது எங்கள் குப்பத்தில் பால்குடி மறந்ததுமே சொல்லித் தருவது. ஒருமுறை கூப்பிட்டதற்கு அம்மாவிடம் அறை வாங்கியிருக்கிறேன். முன்னால் ஓடிப்போய் நின்றிருக்கலாமே என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. பாட்டு மும்முரத்தில் மாமா தேதியை மாற்ற மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மணலில் நின்றேன். போட்டு அலையைத் தாண்டிப் போனது.

பின்னால் கிளம்பியவர்கள் வானம் கறுத்ததைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். நைனாவை மூன்றாம் நாள் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

அதற்கு மறுநாள் பொன்னேரியிலிருந்து வந்த மெக்கானிக் சவுண்டு கார்டைப் பிடுங்கினார். கம்ப்யூட்டருக்கு உடனே சேதி வந்தது. கடல் அடங்கிவிட்டது, போகலாம் என்றது. மாமா அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டும் ஒரே நம்பர்ல இருந்துக்குதுக்கா," என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மாமா அதற்குப் பிறகு கம்ப்யூட்டரைத் தொடவில்லை. இப்போது அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கம் செருப்புக் கடை வைத்திருக்கிறார். நான் தேதியைப் பார்த்ததை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மெக்கானிக் வந்த அன்று, மாமா வெளியே போன பிறகு அம்மா எங்கள் எல்லாரையும் பார்த்துக் கேட்டாள். "அவுரு கெளம்பசொல்ல பின்னாடி யார்னா கூப்டீங்களா?"

"நான் கூப்புடலமா," என்றேன். "வாய்ல வந்துச்சு. அடக்கிக்கினேன்."

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "எம் பொண்ணு கூப்புடாது. அதுக்குத் தெரியும்," என்று வந்திருந்த பெண்களிடம் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நான்கு நாளுக்குப் பிறகு அன்றுதான் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டேன்.