ஹெல்ப்லைன் எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா போயிட்டா.

இண்டைக்குக் காலமை ட்ராம்ல இருக்கேக்க அவவின்ர தம்பி போன் எடுத்துச் சொன்னவர். நிமோனியாவாம்... போன கிழமை தடிமன் காய்ச்சல் எண்டு லீவு போட்டவ. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அடுத்த ஸ்டொப்பில இறங்கி, வேலைக்குப் போகாமல் திரும்பி வீட்டுக்கே வந்திட்டன்.

என்ர வேலை என்ன எண்டு இஞ்ச கனபேருக்குத் தெரியாது. குரொய்டன்ல தலைமயிர் வெட்டுற கடை ஒண்டுக்கு மேல சின்ன ஒபிஸ், பன்னிரண்டு பேர். ஆபிரிக்காவில பாங்க் இல்லாத ஊர்ச் சனம், கையில இருக்கிற சாதாரண போனாலயே காசு அனுப்பவும் சேமிக்கவும் ஒரு சேர்விஸ் செய்யிறம். நான் டெஸ்டிங். எஸ்தர் அக்கா ஹெல்ப்லைன். சாம்பியாக்காரி.

நான் "அக்கா, அக்கா" எண்டு கூப்பிடுறதைக் கேட்டிட்டு, அது அவவின்ர சர்நேம் எண்டு நினைச்சு மனேஜர் ஒருக்கா "மிஸ் அக்கா" எண்டு ஈமெயில் போட்டவர். அவ திருத்தேல்லை. "நல்லாத்தானே இருக்கு, விடு" எண்டவ.

இந்த வருசம் மே மாசம்... உங்களுக்குத் தெரியும். என்ர அம்மா வன்னிக்குள்ள, சண்டைக்க. உயிரோட இருக்கிறாவோ எண்டே தெரியாது. செய்தி வருமெண்டு போனைக் கையை விட்டு வைக்கமாட்டன்.

ஒபிஸில எல்லாரும் நல்ல ஆக்கள்தான். ஆனா என்னட்ட என்ன சொல்லுறது எண்டு தெரியாமல் விலகிப் போவினம். எஸ்தர் அக்கா மட்டும் மத்தியானத்தில முன்னால வந்திருந்து கையை நீட்டுவா. "போனைத் தா. நான் பிடிச்சிருக்கிறன். நீ சாப்பிடு."

ஜூன்ல ஒருநாள் நான் டொய்லெட்டுக்குப் போன நேரம் போன் அடிச்சிருக்கு. காம்ப்பில இருந்து அம்மா. எங்கட பாஷையில எஸ்தர் அக்காவுக்குத் தெரிஞ்சது ரெண்டே சொல்லு, அக்காவும் அம்மாவும். "அம்மா! அம்மா! வெயிட், வெயிட்" எண்டு கத்திக்கொண்டு, ஹீல்ஸைக் கழட்டி எறிஞ்சிட்டு ஓடி வந்தவ.

நான் கதைச்சு முடியுமட்டும் டொய்லெட் வாசல்ல வெறுங்காலோட நிண்டவ. ஒருத்தரையும் உள்ள விடேல்லை.

இன்னொண்டு சொல்லவேணும்...

ஓகஸ்ட்ல எங்கட சேர்விஸ் சாம்பியாவில தொடங்க இருந்தது. ரெண்டு கிராமத்தில சோதிச்சுப் பாத்து, "எல்லாரும் நல்லாப் பாவிக்கினம்" எண்டு ரிப்போர்ட்டும் வந்திட்டுது. அதில ஒண்டு எஸ்தர் அக்காவின்ர ஊர். கிட்ட இருக்கிற பாங்க்குக்கு லொறியில ஒருநாள் பயணம். போனாலும், அவவின்ர அம்மாவிட்ட இல்லாத பேப்பர் எல்லாம் கேப்பினமாம்.

எனக்கு அது விளங்கினது. லண்டனுக்கு வந்த புதுசில, அட்ரஸை உறுதிப்படுத்துற கடிதம் இல்லை எண்டு பாங்க்கில என்னையும் மூண்டு தரம் திருப்பி அனுப்பினவை.

ஆனா எஸ்தர் அக்காவுக்கு அந்த ரிப்போர்ட்டில நம்பிக்கை வரேல்லை. தொடங்க ஒரு கிழமை இருக்கேக்க மீட்டிங்கில எழும்பி, "ஐஞ்சு நிமிசம் தாங்கோ" எண்டா. ஊரில தன்ர அம்மாவின்ர பக்கத்து வீட்டுப் போனுக்கு அடிச்சு, அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில போட்டா. அம்மாவை அவவின்ர சொந்தப் போன்ல எங்கட மெனுவைத் திறக்கச் சொன்னா.

அம்மா அங்க சொல்லச் சொல்ல இவ எங்களுக்கு இங்கிலிஷில சொல்லிக்கொண்டிருந்தா.

"எழுத்து வந்திட்டுதாம். என்ன எழுத்தெண்டு தெரியாதாம்... ஆ, ஒண்டும் அமத்தாததால மெனு கட்டாயிட்டுதாம்."

திரும்பவும். திரும்பவும் கட்.

மூண்டாவது தரம் அந்த அம்மா சிரிச்சுச் சிரிச்சு என்னவோ சொன்னா. எஸ்தர் அக்கா சிரிக்கேல்லை. எங்களைப் பாத்துச் சொன்னவ.

"ஊர்க் கடைக்காரரைக் கூப்பிடட்டோ எண்டு கேக்கிறா. அவருக்கு அம்மாவின்ர ரகசிய நம்பர் தெரியுமாம். ஊர்ப் பொம்பிளையள் எல்லாற்ற நம்பரும் தெரியுமாம்."



"அவர் கள்ளன் இல்லை" எண்டா. "உதவிதான் செய்யிறார். ஆனா இப்ப அந்த ஊரின்ர காசு முழுக்க ஒரு ஆளின்ர கையில. இதுக்கோ நாங்கள் இவ்வளவு பாடுபட்டனாங்கள்?"

"ஒரு கிழமைதான் இருக்கு, இப்ப நிப்பாட்ட ஏலாது எஸ்தர்" எண்டு மனேஜர் சொன்னார்.

"அப்ப ஹெல்ப்லைன்ல வேற ஆளை இருத்துங்கோ. என்ர அம்மாவுக்கு நான் பொய் சொல்லமாட்டன்."

அவவின்ர விசா அந்த வேலையிலதான் நிண்டது. அது எனக்குத் தெரியும். மனேஜருக்கும் தெரியும்.

ரெண்டு நாள் அவர் அவவோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. மூண்டாம் நாள் வந்து தொடங்கிற திகதியைத் தள்ளிப்போட்டிட்டன் எண்டார். வாசிக்கத் தெரியாத ஆக்களுக்குக் குரலாலயே வழி சொல்லுற மாதிரி எல்லாத்தையும் மாத்தினம். அந்த ஊர்ப் பெம்பா பாஷை தெரிஞ்ச ஒரே ஆள் அவதானே... வெளிச்சத்தம் கேளாத மாதிரி கோட் கொழுவுற அலுமாரிக்குள்ள அவவை இருத்தி, நான்தான் ரெக்கோட் பண்ணினது. இடையில ஃபயர் அலாரம் டெஸ்ட் வேற.

முதல் தரம் அதைக் கேட்டிட்டு அவவின்ர அம்மா என்ன சொன்னவ தெரியுமோ? "ஆர் இந்தப் பிள்ளை? என்ன அவசரம் இவவுக்கு? ஆறுதலாச் சொல்லச் சொல்லு."

எஸ்தர் அக்கா மேசையில தலையை வைச்சுச் சிரிச்சவ. பிறகு முழுக்கத் திரும்பப் பேசினவ, ஆறுதலா.

ஒக்டோபர்ல சேர்விஸ் தொடங்கின ரெண்டாம் நாள் அவவின்ர அம்மா தனிய இருந்து, ஒருத்தரையும் கூப்பிடாமல், டவுன்ல இருக்கிற தன்ர தங்கச்சிக்குக் காசு அனுப்பினவ. ரகசிய நம்பரையும் புதுசா மாத்தியிருக்கிறா. அது என்ன நம்பர் எண்டு எஸ்தர் அக்கா கேக்க, "உனக்கு ஏன்?" எண்டவவாம்.

இதை ஒபிஸில எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பா... கீழ முடிவெட்டுற கடைக்காரருக்கும் சொன்னவ.

வியாழக்கிழமை பத்து மணிக்கு தோர்ன்டன் ஹீத்தில அவவின்ர சேர்ச்சில பூசை. பிறகு தம்பி அவவை ஊருக்குக் கொண்டுபோறார். தெரிஞ்ச ஆக்கள் வாங்கோ.

வெள்ளையும் வேண்டாம், கறுப்பும் வேண்டாம், நல்ல கலர் உடுத்திக்கொண்டு வரட்டாம் எண்டு தம்பி சொன்னவர். செத்த வீட்டுக்குச் சிவப்போ எண்டு மாமி கேக்கத்தான் போறா. கேக்கட்டும்... சிவப்புச் சேலையை அயர்ன் பண்ணி வைச்சிட்டன்.

போயிட்டு வாங்கோ, மிஸ் அக்கா.