யசோதினியின் சாய்வெழுத்து

மட்டக்களப்பில் கல்யாணக் கார்ட் கைக்கு வந்தவர்களுக்கு அந்த எழுத்தைத் தெரியும். வலப்பக்கம் சாய்ந்து, ஏறுகிற கோடு மெலிந்து, இறங்குகிற கோடு தடித்து, வால் சுழித்து நிற்கும். மாப்பிள்ளை பெயரும் பொம்பிளை பெயரும் அதில்தான் பெரிசாக வரும். மண்டபம், முகூர்த்தமெல்லாம் சாதாரண எழுத்தில். கீறினது ஆரென்று கார்ட் வாங்கின ஒருவரும் கேட்டதில்லை. கீறினவள் யசோதினி, வல்லிபுரம் முதலாளியின் அச்சகத்தில் கொம்பியூட்டர் வேலை செய்கிறவள்.

அதை அவள் தன்னுடைய கார்டுக்காகத்தான் கீறினாள். பட்டை நிப்பால் ஒவ்வொரு எழுத்தாய் எழுதி, ஸ்கான் பண்ணி, கொம்பியூட்டரில் அடிக்கிற பொன்ட் ஆக்கி, கடைசியில் 'யசோதினி – க்ளைவ்' என்று அடித்துப் பார்த்தபோது அவளுக்கே கண் கலங்கிற்று. மாதிரிக் கார்டை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இராசதுரை அதை வாசிக்கவே இல்லை. "பறங்கிப் பொடியனுக்கு என்ட வீட்டில கார்ட் இல்ல" என்று கிழித்து அடுப்புக்குள் போட்டார். க்ளைவ் கொஞ்சக் காலம் பார்த்தான், மறுகா அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். போகாமல் என்ன செய்வான்?

கார்ட் எரிந்தாலும் எழுத்து கடைக் கொம்பியூட்டரில் கிடந்தது. வல்லிபுரம் கண்டால் விடுவாரா? களுவாஞ்சிக்குடியிலிருந்தெல்லாம் அதைக் கேட்டு ஆள் வந்தது. ஊர்ப் பெட்டைகளின் பெயரையெல்லாம் அதில் அடித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, பேச்சில்லாமல் அப்பாவுக்குச் சோறு போட்டாள். வயிறெரியாதா? நன்றாக எரிந்தது.

போன கிழமை இராசதுரை செத்தார். வல்லிபுரம் ஆளை வைத்து வாசலில் கண்ணீர் அஞ்சலி பனர் கட்டினார். மேலே அப்பாவின் படம், கீழே பெயர். பெயர் அந்த எழுத்தில். மனிசன் மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

அழுதுகொண்டு வாசலுக்கு வந்த யசோதினிக்கு அழுகை நின்றுபோயிற்று.

"இதென்ன வேலை முதலாளி?"

"உன்ட எழுத்துத்தானே புள்ள. அப்பாவுக்கு மகள் செய்த மாதிரி இரிக்கட்டும் எண்டுதான்." வல்லிபுரத்துக்கு முகமெல்லாம் பெருமை.

"கழட்டுங்க."

"பிரேதம் எடுக்கிற நேரம் கா."

"பொறுக்கட்டும்."

அப்பாவின் தங்கச்சி மங்கையற்கரசி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "செத்த மனிசனோட என்ன கோவம் கா?"

"உசிரோட இரிக்கக்குள்ள கோவிக்க விட்டீங்களா மாமி?"

மாமி கையை விட்டாள். யசோதினி கதிரையில் ஏறிப் பனரை இழுத்துக் கழற்றினாள். ஓட்டோ பிடித்துக் கடைக்குப் போனாள். அப்பாவின் பெயரை நிமிர்ந்த, தடித்த, வால் இல்லாத எழுத்தில் அடித்துப் புதுப் பனர் எடுத்தாள். சனம் முணுமுணுக்க முணுமுணுக்க, தானே கொண்டுவந்து கட்டினாள்.

"அந்த எழுத்தில என்ட பேர் வர இவர் விடல்ல" என்றாள் வல்லிபுரத்திடம். "இவர்ட பேரும் அதில வராது."

பிறகு உள்ளே திரும்பிச் சொன்னாள்:

"இப்ப எடுங்க."