சங்குமலை டீ ஸ்டோரில் கூடைக்கு இடமில்லை

காசிமேட்டில் நாங்கள் குடியிருக்கும் மாடிக்குக் கீழே ஒரு டீக்கடை இருந்தது. உள்ளே டீத்தூள் விற்பனை, வெளியே கிளாஸ் டீ. வாசலில் ஒரு பலகை: ‘மீன் கூடையோடு உள்ளே வராதீர்.’ மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரிலேயே இப்படி ஒரு பலகை. எழுதி மாட்டியவர் கடைக்காரர் அசோகன். தெருவில் யாருக்கும் அவரைப் பிடிக்காது. அவருக்கும் தெருவைப் பிடிக்காது.

அசோகன் பிறந்தது இலங்கையில், சங்குமலைத் தோட்டத்தில். ஒரே குடும்பம் நூறு வருஷத்துக்கும் மேலாக வைத்திருந்த தோட்டம். அரசாங்கம் பெரிய தோட்டங்களை எடுத்துக்கொண்டபோதும் அது அவர்கள் கையைவிட்டுப் போகவில்லை. அப்பாவுக்குச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை. அசோகனுக்கு ஸ்டோர் என்று அவர்கள் சொல்லும் தொழிற்சாலையின் மேல்தளத்தில் வேலை. பறித்த கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாடவைப்பார்கள். கையில் அள்ளிப் பிடித்தால் ஒடியக் கூடாது. துணிபோல மடங்க வேண்டும்.

அம்மா கீழே தூள் சலிக்கும் அறையில். பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை டீத்தூள் இழுத்துக்கொள்ளும். அதனால் முதலாளியின் தம்பி கதவருகே நின்று, பெண்களின் தலையையும் கையையும் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். பூ கூடாது, வாசனை எண்ணெய் கூடாது. கருவாட்டுக் குழம்பு வைத்த கையோடு வந்த அம்மாவை ஒருநாள் எல்லார் முன்பும் திருப்பி அனுப்பினார்கள். இதை அசோகன் பெருமையாகச் சொல்வார்.

மீன் விற்கும் குப்பம்மா அக்கா இருபது வருஷமாக அந்தக் கடை வாசலில் நின்றே டீ குடித்தவர். போன வருஷம் மாமியார் இறந்ததும், மாமியார் பேரில் இருந்த இந்தக் கட்டடம் அக்காவுக்கு வந்தது. மறுவாரமே கூடையோடு உள்ளே போய், தூள் வாங்க வருகிறவர்களுக்கான ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“எந்திரி” என்றார் அசோகன்.

“இன்னாத்துக்கு? இது என் வூடு.”

“வீடு உன்னுது. டீ என்னுது. வெளிய நில்லு, தர்றேன்.”

“நின்னு நின்னு காலு நோவுது சிலோனு. ஒரே ஒரு டீ, இங்க குந்திகினு, கூடைய பக்கத்துல வச்சிகினு. அப்பால நீ பாட்டுக்குக் கடைய நடத்து.”

“எங்கம்மாவையே உள்ள விடல. உன்ன விடுவேனா?”

“உங்கம்மாவத் தொரத்துன ஊரு உன்னியும் கப்பல்ல ஏத்தித் தள்ளிச்சி. அந்தச் சட்டத்தத் தூக்கியாந்து என் வாசல்ல மாட்டிகீற. த்தூ!”

அசோகன் கூடையைத் தூக்கித் தெருவில் வைத்தார். வைத்த வேகத்தில் சங்கரா மீன்கள் சரிந்து மண்ணில் விழுந்தன.

மறுநாள் காலை, கடையை ஒட்டிய நடையில் அக்கா தார்ப்பாய் விரித்து நெத்திலி காயப்போட்டார். நடுவில் பலகைத் தடுப்புதான். அசோகன் டின்களை பாலிதீனால் சுற்றினார், இடுக்குகளை டேப் போட்டு அடைத்தார். வாரக் கடைசியில் ஒரு சிட்டிகைத் தூளை உள்ளங்கையில் வைத்து, வாயால் ஊதி மோந்து பார்த்தார். முகம் செத்துப்போனது.

டீயில் வேறு யாருக்கும் கருவாட்டு வாசனை தெரியவில்லை. “நல்லாத்தான கீது மாமு” என்ற ஆட்டோ ரகுபதியின் கையிலிருந்து கிளாஸைப் பிடுங்கிக் கீழே கொட்டினார் அசோகன்.

“யோவ், குட்ச்சிகினு கீறப்போ புடுங்குறியே, நீயெல்லாம் மன்சனா?”

“உங்க மூக்கெல்லாம் செத்துப்போச்சு. போங்கடா.”

மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் குப்பம்மா அக்கா. “இப்பவும் சொல்றேன். குந்தவச்சி ஒரு டீ குடு. கருவாட்ட அள்ளிட்றேன்.”

அசோகன் ஸ்டூலைப் பார்த்தார். சம்மதித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் டின்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, தூளை எல்லாம் கால்வாயில் கவிழ்த்தார். சாயங்காலம் டெம்போ வந்தது. காலி டின்களும் பலகையும் ஏறின. காலடிப்பேட்டையில் கடை பார்த்திருக்கிறாராம். அக்காவிடம் சாவியைக் கையில் தராமல் படியில் வைத்துவிட்டுப் போனார்.

காலிக் கடையில் மிஞ்சியது ஸ்டூல் மட்டும்தான். அக்கா கருவாட்டை வாரிவிட்டு அதில் உட்கார்ந்தார், கூடை பக்கத்தில். எதிர்க்கடையிலிருந்து டீ வரவழைத்து ஒரு வாய் குடித்தார். மீதியைத் தெருவில் வீசி ஊற்றினார்.

“இன்னாக்கா?” என்றார் ரகுபதி.

“கழனித்தண்ணி. போனான் பாரு, திமிரு புடிச்சவன்.”