இல்லை என்று சொல்லாத கடை

"இல்லைங்கிற சொல்லை வாசல்லயே செருப்போட விட்டுட்டு உள்ள வாலே."

தி. நகரில் மாமாவின் சேலைக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் சொன்ன முதல் வார்த்தை இது. கேட்ட நிறம் இல்லையா, பக்கத்து நிறத்தைக் காட்டு. பட்டு இல்லையா, பட்டு மாதிரி இருப்பதைக் காட்டு. லட்சுமி வருகிற இடத்தில் 'இல்லை' என்ற சொல் விழக்கூடாது. மாமா என் அம்மாவின் தம்பி, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே காலூன்றியவர். சொன்னால் சொன்னதுதான். நானும் நல்ல பிள்ளையாகப் பழகினேன். அந்தப் பழக்கம் கடையோடு நிற்காமல் ஆளையே பிடித்துக்கொண்டது.

சொந்தமாக ஒரு மேட்சிங் கடை வைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ். சேலையைக் கையோடு கொண்டுவந்தால் நிறம் பார்த்து வெட்டிக் கொடுக்கிற கடை. அதற்காகப் பாண்டி பஜார் நடைபாதையில் தன்னம்பிக்கைப் புத்தகங்களாக வாங்கித் தள்ளினேன். விடியுமுன் எழச் சொன்னார்கள், எழுந்தேன். பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொன்னார்கள், குளித்துச் சளி பிடித்துக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று 'என்னால் முடியும்' என்று சொல்லச் சொன்னார்கள், வெட்கத்தை விட்டு அதையும் சொன்னேன். தாய்மாமனிடம் 'என்னால் முடியாது' என்று சொல்வது எப்படி என்று மட்டும் எந்தப் புண்ணியவானும் எழுதவில்லை.

மேற்கு மாம்பலத்தில் ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் ஒரு சின்ன இடம் காலியானது. கட்டடம் மயிலாப்பூர் மாமி ஒருவருடையது; அவரிடம் கேட்டு வைத்திருந்தேன். "சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுப்பா. இன்னொருத்தரும் கேட்டுண்டிருக்கார்" என்று ஒரு நாள் காலையிலேயே போன் செய்துவிட்டார். நேரம் பார்த்து அதே காலையில்தான் மாமா, அடையாறில் திறக்கவிருந்த கிளையின் சாவியை என் முன்னால் வைத்தார். "மருமவனே, இதை நீதான் பாத்துக்கிடணும்."

வாயைத் திறந்தேன். "பாத்துக்கிடலாம் மாமா" என்று வந்தது.

அன்று பகல் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. விரித்த சேலையை மடிக்கிறேன், மடித்ததை மறுபடி விரிக்கிறேன். மாடிக்கு ஏறுகிறேன், எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் இறங்குகிறேன். சாப்பாட்டு வேளையில், யாரிடமாவது 'இல்லை' சொல்லிப் பழகலாம் என்று தெருவில் இறங்கினேன். டீக்கடைக்காரர், "இன்னொரு டீ போடட்டா சார்?" என்றார்.

"இல்லண்ணே..." என்று இழுத்தேன்.

"இன்னா சார், டீ நல்லால்லியா?"

அவர் முகம் வாடியதைப் பார்த்து இரண்டாவது டீயையும் குடித்தேன். பனகல் பார்க் பக்கம் ஓர் ஆட்டோ ஓரங்கட்டியது. "குந்து நைனா, எங்க போவணும்?" எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. ஏறி உட்கார்ந்து, எங்கள் கடை வாசலிலேயே போய் இறங்கினேன். என் மேல் எனக்கே எரிச்சலாக வந்தது. டீக்கடையில் சொல்ல வராதவன் மாமாவிடம் சொல்லிக் கிழிக்கப்போகிறானாம்!

சாயங்காலம் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மயிலாப்பூர் மாமி. நான் எடுக்கவில்லை. எடுத்தால் அவரிடமும் 'பார்க்கலாம்' என்றுதான் சொல்லியிருப்பேன். இடம் கைநழுவிவிடும் என்ற பயத்தில் கால்கள் தாமாகவே கல்லாப் பக்கம் நடந்தன. மாமா அங்கே கலைந்து கிடந்த சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மாமா" என்றேன்.

"எது இல்ல?"

"அடையாறு கடை. என்னால பாத்துக்கிட முடியாது. மாம்பலத்துல சொந்தமா ஒரு மேட்சிங் கடை போடப் போறேன்."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். வாங்காமல் எழுந்திருக்கிற வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "அடையாறு தூரம்னா இந்தக் கடையை நீ பாரு. நான் அங்க போய்க்கிடுதேன்."

"இல்ல மாமா."

"அப்ப ரெண்டு கடையிலயும் பங்கு வச்சுக்கிடுவோம்."

"இல்ல மாமா."

கேட்ட நிறம் இல்லாதபோது பக்கத்து நிறத்தைக் காட்டுகிற அதே வித்தை. காட்டுவதற்கு அவரிடம் வேறெதுவும் மிச்சமில்லை.

அந்த நேரம் பார்த்து ஓர் அம்மாள் உள்ளே வந்தார். "மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர் போட்டது இருக்குங்களா?"

மாமா என் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமலே, "இல்லம்மா" என்றார்.

அந்தம்மாள் படியிறங்கிப் போய்விட்டார். மாமாவின் முதுகுக்குப் பின்னால், இரண்டாம் தட்டில், மாம்பழ மஞ்சளும் அரக்குக் கரையுமாக ஒரு வரிசையே இருந்தது. காலையில் நான்தான் அடுக்கியிருந்தேன்.

போன் மறுபடியும் அதிர்ந்தது. இந்த முறை எடுத்தேன். "இடம் வேணுமா, வேண்டாமாப்பா?" என்றார் மாமி.

"வேணும் மாமி" என்றேன். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. என் கண் அந்தத் தட்டை விட்டு வரவில்லை.