ஜீப்பின் பக்கவாட்டு ரெயில்களும் கொல்லிமலையில் ஒரு கதவும்

ஆறு மாதமாக என் கணவர் முரளியிடம் நான் கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்வி, "இது எதுக்கு?" என்பதுதான். நாலு சக்கரத்துக்கும் விசை போகிற பழைய ஜீப் ஒன்றை வாங்கியிருந்தோம். முன்பு வைத்திருந்தவர் கூரையின் இரண்டு ஓரங்களிலும், வண்டியின் இரு பக்கங்களிலும், பின்கதவுக்கு இருபுறமும், முன் பம்பருக்கு மேலும் அலுமினிய ரெயில்களைப் பொருத்தி வைத்திருந்தார். ரெயிலின் நடுவில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். அதற்குள் கொக்கியையோ கிளாம்ப்பையோ நுழைத்து, வேண்டிய இடத்துக்குத் தள்ளி, நட்டை முறுக்கினால் நிற்கும். "எல்லாத்துக்கும் ஆகுமுங்க" என்றுதான் விற்றவர் சொன்னார். எல்லாத்துக்கும் என்றால் எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதைக் கண்டுபிடிக்கத்தான் பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு கொல்லிமலை போனோம். திருப்பூரிலிருந்து ஈரோடு, திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகச் செம்மேடு வரை சுமார் 165 கிலோமீட்டர். வீடியோக்களைப் பார்த்து முரளி எல்லா ரெயிலிலும் எதையாவது மாட்டிவிட்டார். இடப்பக்கம் தண்ணீர்க் கேன், வலப்பக்கம் மண்வெட்டி, கூரை ஓரத்தில் சுருட்டி வைக்கும் நிழல் துணி, முன்னால் நீளமான வெள்ளை விளக்கு, பக்கவாட்டில் சின்ன விளக்கு ஒன்று. ஓட்டியது நான்.

காரவள்ளி தாண்டி எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருபதாவது வளைவுக்குப் பக்கத்தில் எங்கிருந்தோ டகடகவென்று ஒரு சத்தம். இன்ஜினா, சக்கரமா என்று பயந்து நிறுத்திப் பார்த்தால் மண்வெட்டி. கிளாம்ப்புக்கு அடியில் ரப்பர் வைக்காததால் நட்டு தளர்ந்திருந்தது. முறுக்கிவிட்டுக் கிளம்பினோம். இன்னும் நாலைந்து வளைவு ஏறியதும் எதிரே பஸ் வந்தது. ஓரம் ஒதுங்கினேன், தண்ணீர்க் கேன் தடுப்புச் சுவரில் உரசி நின்றது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் போக முடியவில்லை.

டிரைவர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, அந்தக் கேனைக் கழட்டி உள்ள வெச்சுக்கங்க. எனக்குப் பின்னாடி இன்னும் ஒரு பஸ்ஸு வருது."

கழற்றி உள்ளே வைத்தோம். வண்டிக்குள் தாராளமாக இடம் இருந்தது. அப்புறம் அதை ஏன் வெளியே மாட்டினோம்?

அன்றிரவு செம்மேட்டில் தங்கினோம். மறுநாள் காலை வளப்பூர் நாடு என்ற ஊர்ப் பக்கம் போகலாம் என்று புறப்பட்டபோது நல்ல பனிமூட்டம். கைப்பேசி வரைபடம் ஒரு பக்கம் காட்டியது, பெயர்ப்பலகை வேறு பக்கம் காட்டியது. நான் வரைபடத்தை நம்பினேன். தார்ச்சாலை முடிந்து கல்லும் மண்ணுமான பாதையில் மூன்று கிலோமீட்டர் போனதும் அது ஒரு வீட்டு வாசலில் முடிந்துவிட்டது.

வாசலில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒரு பெண் ஓடிவந்து வண்டியின் முன்மூடியில் இரண்டு கைகளையும் வைத்தாள். "வண்டியைத் திருப்பிராதீங்க, எம் புருசன் மரத்துலருந்து உழுந்துட்டாருங்க!"

அவள் பெயர் செல்வி. கணவர் பெருமாள், முப்பத்தைந்து வயதிருக்கும். மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறியவர் ஏணி நழுவி விழுந்திருக்கிறார். தொடைப்பக்கம் வீங்கி, பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது, ஆனால் அந்தக் கல்பாதையில் அது ஏறாதாம், தார்ச்சாலையில்தான் நிற்குமாம்.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். செல்வியின் அண்ணன் ராசு, எலும்பு கட்டுகிறவரிடம் கொண்டுபோகலாம் என்றார். செல்வி முடியாது என்றாள். இன்னொருவர் கட்டிலோடு தூக்கலாம் என்றார். யார் சொல்வதைக் கேட்பது என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில் படுத்துக் கிடந்த பெருமாளே பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"ஏம் மச்சான், காலு என்னுதா உன்னுதா? நான் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போவேன்."

அதன்பின் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் எப்படிக் கொண்டுபோவது? காலை மடக்க முடியாததால் உட்கார வைக்க முடியாது. ராசு, பெருமாள் வீட்டுக் கதவைத் தூக்கிக் கழற்றிவிட்டார். கீலுக்குப் பதில் மேலும் கீழும் குடுமி இருக்கிற பழைய மரக்கதவு அது. நிலையிலுள்ள குழிகளிலிருந்து நெம்பி எடுத்தால் வந்துவிடும். பெருமாளை அதன்மேல் படுக்கவைத்து, பின்சீட்டுகளை மடித்து உள்ளே தள்ளினோம். கதவு ஒரு முழத்துக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இறக்கத்தில் போனால் முன்னுக்கு வழுக்கும், மேட்டில் ஏறினால் பின்னால் நழுவி விழும்.

முரளி எதையோ முணுமுணுத்தபடி மண்வெட்டியைக் கழற்றி எறிந்தார். அதைப் பிடித்திருந்த கொக்கிகளைப் பின்கதவுக்கு இருபுறமும் உள்ள ரெயில்களுக்கு மாற்றி, மரக்கதவின் நுனியைப் பட்டைக் கயிற்றால் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினார். தூறல் விழுந்தது. நிழல் துணியைக் கழற்றிக் கூரை ரெயிலிலிருந்து பின்பக்கமாகத் தொங்கவிட்டோம். பெருமாளின் மார்புக்குக் குறுக்கே ஒரு கயிற்றைப் போட்டு நானே இறுக்கினேன். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தெரியாது. இரண்டு இளவட்டங்கள் ரெயிலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள். முரளி கத்தி இறக்கிவிட்டார், ரெயில் ஆள் பாரத்தைத் தாங்குமா என்று அவருக்கும் தெரியாது.

முன்னாலிருந்த வெள்ளை விளக்கைப் போட்டதும் பனி வெள்ளைச் சுவராகிவிட்டது. எதுவும் தெரியவில்லை. அணைத்துவிட்டு, பக்கவாட்டு விளக்கைத் தரையைப் பார்த்துச் சாய்த்தோம். பாதையின் விளிம்பு தெரிந்தது. ராசு முன்னால் நடந்து கையை ஆட்ட, நான் முதல் கியரிலேயே ஊர்ந்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் பின்னாலிருந்து பெருமாளின் முனகல் கேட்டது. "மெதுவா கண்ணு, மெதுவா" என்று பின்னால் அவரோடு உட்கார்ந்திருந்த செல்வி சொன்னது என்னிடமா பெருமாளிடமா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. இவரைக் காப்பாற்றுகிறோமா, இன்னும் கெடுக்கிறோமா?

தார்ச்சாலைக்கு வந்தால் ஆம்புலன்ஸ் இல்லை. வேறு சாலைப் பிரிவில் நிற்பதாகப் போனில் சொன்னார்கள். எந்தப் பிரிவு என்று ராசுவுக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. காத்திருப்பதா, போவதா? பனிக்குள் எங்கோ ஹாரன் கேட்டது. ராசு இடப்பக்கம் என்றார், முரளி வலப்பக்கம் என்றார். நான் செல்வியைப் பார்த்தேன். "இடப்பக்கம் போங்க அம்மிணி" என்றாள். அரை கிலோமீட்டரில் அதன் சிவப்பு விளக்கு தெரிந்தது.

ஆம்புலன்ஸில் வந்தவர் பெருமாளின் கால்விரலை அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார். "ரத்த ஓட்டம் இருக்குது. ஆனா மார்ல இவ்வளவு இறுக்கியா கட்டுவாங்க?" என்றார். கயிற்றை நானே அவிழ்த்தேன். பெருமாளை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள், செல்வியும் ராசுவும் கூடவே ஏறிக்கொள்ள, ஆம்புலன்ஸ் போய்விட்டது. நாங்களும் ஒரு கதவும் சாலையில் நின்றோம்.

திறந்து கிடக்கிற வீட்டை நினைத்து, கதவைப் பக்கவாட்டு ரெயிலில் நிமிர்த்திக் கட்டித் திரும்ப மேலே ஏறினோம். அசையவே இல்லை. அந்த ரெயில் அதற்காகவே செய்தது மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அங்கம்மா வாசலில் காவல் இருந்தார். காயப்போட்டிருந்த மிளகின்மேல் ஏறிய கோழிகளை அவர் விரட்டிக்கொண்டிருக்க, நானும் முரளியும் குடுமிகளைக் குழியில் இறக்கிக் கதவை நிறுத்தினோம். "நிக்குதில்ல, போதும் சாமி" என்று அங்கம்மா வெளியே இருந்த தாழ்ப்பாளில் பூட்டைப் போட்டார். என் நம்பரைச் செல்விக்குக் கொடுப்பதற்காக வாங்கிக்கொண்டார். பார்க்க நினைத்திருந்த அருவிக்குப் போகவில்லை. மத்தியானமே மலை இறங்கிவிட்டோம்.

இப்படிப்பட்ட ரெயில்களோடு மலைக்குப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வளைவுச் சாலையில் வண்டியின் அகலத்துக்கு வெளியே எதையும் நீட்டாதீர்கள். கிளாம்ப்புக்கு அடியில் ரப்பர் வையுங்கள், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நட்டைத் தொட்டுப் பாருங்கள். வெள்ளை விளக்கு பனிக்கு ஆகாது. விலை கூடிய சாமான்களைவிட நாலு காலிக் கொக்கியும் இரண்டு பட்டைக் கயிறும் மேல். எவ்வளவு பாரம் தாங்கும் என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் இன்னும் கேட்கவில்லை. அடிபட்டவரை அப்படித் தூக்கியது சரியா என்பதும் எனக்குக் குழப்பம்தான். அதற்கு ரெயில் பதில் சொல்லாது.

ஒன்றரை மாதம் கழித்துப் புது நம்பரிலிருந்து போன் வந்தது. பெருமாள். சேலத்தில் ஆபரேஷன் முடிந்து, ஊன்றுகோலோடு அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"அக்கா, எங்க ஊட்டுக் கதவை மாட்டுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க, ஏன்?"

"ராத்திரிக்குச் சாத்தலாம்னு உள்ள தாழ்ப்பாளைத் தேடறேன், காணோமுங்க. வெளிய இருக்குது. கதவு தலைகீழா நிக்குதுங்க."

அடுத்த வாரமே வந்து சரியாக மாட்டித் தருகிறோம் என்றேன்.

"வாங்க, கட்டாயம் வாங்க. ஊட்ல சாப்பிட்டுட்டுப் போலாம். ஆனா கதவை மட்டும் தொட்டுராதீங்க அக்கா" என்றார் பெருமாள். பின்னால் செல்வி சிரிக்கும் சத்தம் கேட்டது.