ஒரு கிலோவுக்குள்

"அந்தக் கால் கிலோக் கல்ல எடுத்திருங்க பாய். ஒரு கிலோவுக்குள்ள அடங்குதான்னு பாப்போம்."

மைதீன் பாட்சா கடையில் உளுந்துக்கும் வத்தலுக்கும் நின்றவர்களை ஓரங்கட்டிவிட்டு, ஏசுவடியாள் டீச்சர் தன் துணிப்பையைத் தராசுத் தட்டில் வைத்திருந்தார். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் சாத்தியதும் வருடா வருடம் நடக்கிற காரியம் இது. மே லீவுக்கு மதுரையில் தம்பி வீட்டுக்குப் போவார். அதற்கு முன் பையை நிறுத்துப் பார்த்தாக வேண்டும். பாய்க்கும் பழகிவிட்டது. "அடுத்த வருசம் இந்தப் பையப் பேப்பர்ல மடிச்சு நூல் சுத்திப் பொட்டலமாவே தந்திருதேன் டீச்சர்" என்பார். டீச்சரும் சிரிப்பார். கண் மட்டும் தராசு முள்ளை விட்டு நகராது.

நான் அவருக்கு எதிர்வீடு. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. எங்கள் வீட்டில் குற்றாலத்துக்கு ஒரு பகல் போய்க் குளித்துவிட்டு வருவதென்றாலே அம்மிக்கல் தவிர எல்லாம் பஸ் ஏறும். அதனால் டீச்சர் பை கட்டுகிற நேர்த்தியை நான் வாய் பிளந்து பார்ப்பேன். உடுத்தியது போக மாற்றுச் சேலை ஒன்று. நூலை வைத்து அறுத்த சோப்பில் ஒரு துண்டு. பல்பொடி நாளுக்கு ஒரு சிட்டிகை என்று எண்ணி, காகிதத்தில். முழு வேதப் புத்தகம் கனக்கிறது என்று புதிய ஏற்பாடு மட்டும் கொண்டுபோனார். போன வருடம் அதுவும் நின்று, இரண்டு சங்கீதங்களை எழுதிய நோட்டுத்தாள் ஆயிற்று. "கர்த்தர் கோவிச்சுக்கிட மாட்டாரு சார். மிச்சம் எனக்கு மனப்பாடம்."

ஆறு வருடத்துக்கு முன்பெல்லாம் இப்படி இல்லை. தகரப் பெட்டி, படுக்கைச் சுருள், தம்பி பிள்ளைகளுக்கு ஒரு டின் முறுக்கு என்று போவார். மாதம் முழுக்க இருப்பார். தம்பி தேவசுந்தரத்தைத் தாய் தகப்பன் போன பிறகு பத்து வயதிலிருந்து வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். தனக்கு வந்த இரண்டு வரன்களையும், "அவன் படிப்பு முடியட்டும்" என்று திருப்பி அனுப்பினார். படிப்பு முடிந்தபோது வரன்களும் முடிந்திருந்தன.

அப்படிப் பெட்டியோடு போன கடைசி வருடம், ரிக்‌ஷாவிலிருந்து அது இறங்குவதைப் பார்த்து, தம்பி மனைவி சுந்தரபாய் அடுப்படியில் யாரிடமோ சொன்னது டீச்சர் காதில் விழுந்துவிட்டது. "பெட்டியப் பாத்தா திரும்பிப் போறவுக மாதிரி தெரியலயே."

வேறு யாராவது என்றால் சுந்தரபாயின் மேல் கோபப்பட்டிருப்பார்கள். இவர் பெட்டியின் மேல் கோபப்பட்டார். "தப்பு எம்மேலதான் சார். நாலு பேரு பொழங்குத வீட்டுல அம்மாம் பெரிய பெட்டிய நடுவுல வச்சா யாருக்குத்தான் மொகம் கோணாது?"

மறுவருடம் சூட்கேஸ். அப்புறம் ஏர்பேக், ஒயர்கூடை, கடைசியில் இந்தத் துணிப்பை. கூடவே நாட்களும் சுருங்கி, மாதம் பதினைந்தாகி, பதினைந்து ஐந்தாயிற்று. கோணிய முகம் மட்டும் நேராகவில்லை. "இடைஞ்சல் பை இல்ல டீச்சர்" என்று ஒருநாள் ஆரம்பித்தேன். என் மனைவி ஆறுமுகத்தாய் என் தொடையில் கிள்ளினாள். நானும் நிறுத்திக்கொண்டேன். சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் மனசு அரிக்கிறது.

இந்த வருடப் பயணம் வெறும் லீவுக்காக இல்லை. அடுத்த வருடம் டீச்சருக்கு ரிட்டயர்டு. பள்ளிக்கூடம் கொடுத்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். தம்பியிடம் நேரில் கேட்டுவிடுவது என்று துணிந்திருந்தார். "மாடிப்படிக்குக் கீழ பழைய பேப்பர் போடுத ரூம்பு ஒண்ணு கெடக்கு சார். ஒரு கட்டில் போடலாம். கட்டிலுக்குக் கீழ என் பை. வேற என்ன வேணும் எனக்கு?"

பாய் கால் கிலோக் கல்லை எடுத்தார். பை மெல்லத் தாழ்ந்தது. நூறு கிராம் கூடுதல் இருக்கும். "சோப்ப எடுத்திரலாமா?" என்று டீச்சர் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் போஸ்ட்மேன் காசிராஜன் சைக்கிளை நிறுத்தி, ஓர் இன்லண்டு லெட்டரை நீட்டினார்.

டீச்சர் நின்றபடியே படித்தார். படித்து முடித்தும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு பக்கத்தில் நின்ற என்னிடம் கொடுத்தார். "நான் சரியாத்தான் வாசிச்சேனான்னு பாருங்க சார்."

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு என்று தொடங்கியிருந்தது. சுந்தரபாய் வீட்டாரோடு சேர்ந்து எல்லாரும் கொடைக்கானல் போகிறார்கள். காரில் லக்கேஜே ஏகப்பட்டது, இடம் பத்தாது. ஆகையால் இந்த லீவுக்கு அக்கா அலைய வேண்டாம். ரிட்டயர்டான பிறகும் பழகிய ஊரிலேயே சபையாரோடு இருப்பதுதான் அக்காவுக்குத் தோது. பிள்ளைகள் முத்தம் சொல்லச் சொன்னார்கள்.

அந்தத் தேவசுந்தரம் எதிரே நின்றிருந்தால் பாயின் படிக்கல்லை எடுத்து எறிந்திருப்பேன். "சரியாத்தான் வாசிச்சிருக்கிய டீச்சர்" என்றேன்.

"லக்கேஜுதான் எடஞ்சல்னு எழுதியிருக்கான், என்னா?"

உளுந்து வாங்க வந்த பேச்சித்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

டீச்சர் லெட்டரை நாலாக மடித்து இடுப்பில் செருகினார். தட்டிலிருந்து பையை எடுத்து, உள்ளே இருந்த அந்த மாற்றுச் சேலையை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையைத் திரும்பவும் தட்டில் வைத்தார்.

"இப்பம் பாருங்க பாய்."