உள்ளே வைத்த இரும்பு

சவுரிராயன் திண்டிவனத்தில் எனக்கு அடுத்த வீட்டுக்காரன். பெரியசாமியின் மைக் செட் கடையில் வேலை. கல்யாணமோ சாவோ, ஊர் ஊராக ஆம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாட்டுப் போடுவான். அது பழைய வால்வு செட். உள்ளே முழுக்க இரும்பும் செம்புக் கம்பியும் சுற்றிய பெரிய டிரான்ஸ்பார்மர்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பு வழியே அதைத் தோளில் சுமந்து நடப்பான். எண்பத்து மூன்றில் குடல் இறங்கிவிட்டது. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

ஆபரேஷன் ஆகி வந்தவனுக்குக் கட்டு மாற்றியது நான். நர்ஸ் வேலைக்குப் படித்தவள். தையல் ஆறுவதற்குள் பெரியசாமியின் கடைக்குப் போய்க் கத்தினேன். "இனிமே அவன் அந்த இரும்பத் தொட்டான்னா, ஒன் கட வாசல்லயே ஒக்காந்துக்குவேன்!"

பெரியசாமி மெட்ராஸ் போய் வால்வு இல்லாத புது டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் ஒன்று வாங்கி வந்தார். கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாம். சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. பழையது போலக் கொதிக்கவும் இல்லை.

ஆனால் எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம். செட் வந்து இறங்கியதும் விசேஷக்காரர் அதை ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் தலையாட்டுவார். காதால் கேட்க வேண்டியதைக் கையால் நிறுக்கும் புத்தி!

அடுத்த சித்திரையில் அவன் மனைவி இருதயமேரி பதறிக்கொண்டு வந்து என்னைக் கூப்பிட்டாள். தையலுக்குப் பக்கத்தில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். படுத்தால் உள்ளே போனது. இருமினால் வெளியே வந்தது.

"என்னாடா தூக்குன?"

"புது செட்டுதான் நர்சம்மா."

மூலையில் செட் இருந்த மரப்பெட்டியைத் தூக்கப் போனேன். அசையவில்லை. திறந்தேன். புது செட்டுக்கு அடியில், சாக்கில் சுற்றிய பழைய டிரான்ஸ்பார்மர். ஒரு கம்பிகூட அதற்குப் போகவில்லை. வெறும் கனத்துக்காக.

"பெரியசாமி வேலையா இது?"

"அவருக்குத் தெரியாது. நாந்தான் வெச்சேன். 'என்னாய்யா, முறுக்கு டின்னத் தூக்கிக்கினு வந்துட்ட'ன்னு சிரிக்கிறாங்க யம்மா. ரெண்டு ஊர்ல திருப்பி அனுப்பிட்டாங்க. கனம் இருந்தா வாயத் தெறக்கறதில்ல."

பெற்ற பிள்ளையாக இருந்தால் அறைந்திருப்பேன். மறுபடி ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் கண்டாச்சிபுரம் பக்கம் நடக்க இருந்த ஒரு காதுகுத்துக்கு இவன் வாக்குக் கொடுத்திருந்தான். டிரான்ஸ்பார்மரை எடுத்து வெளியே போட்டுவிட்டு, செட்டோடு நானும் போனேன்.

குழந்தையின் தாய்மாமன் சின்னக்கண்ணு பெட்டியை ஒரு கையால் தூக்கினார். எளிதாக மேலே வந்தது. முகம் மாறிவிட்டது.

"காலி டப்பா எடுத்தாந்து ஏமாத்தறியா?"

"ஒரு பாட்டு போட்டுக் காட்டறேங்க."

"என்னாத்தக் காட்டுவ? தாய்மாமன் செலவுல முறுக்கு டின் பாடுதுன்னு பேசுவாங்க. போய்யா."

கண்டாச்சிபுரத்துக்கு மாட்டு வண்டி போய் ஒரு வால்வு செட்டோடு திரும்பியது. கூட வந்த ஆள் ஒருவன்தான். அவன் வண்டியிலிருந்து இறக்கத் திணறினான். விரட்டப்பட்ட இந்தச் சவுரிராயன் ஓடிப்போய் அடியில் கை கொடுத்தான்.

பின்னால் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "எட்றா கைய! கொடல இங்கயே கொட்டப் போறியா?"

"ஒத்த ஆளா எறக்கறாரு யம்மா."

சின்னக்கண்ணுவிடம் திரும்பினேன். "கனம் கேட்டது நீங்கதான? இவன் கொடலு கிழிஞ்சி கெடக்கறான். வாங்க, வந்து புடிங்க!"

பந்தலில் பெண்கள் சிரித்தார்கள். "போ மாமா, போ! தூக்கிப் பாக்கறது ஒனக்குப் புடிக்குமே!"

வேறு வழியின்றி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். மறுபடி தூக்கினார். மறுபடி இறக்கினார். ஆனாலும் அதைத்தான் பந்தலுக்குக் கொண்டு போனார். அதில்தான் பாட்டுப் போட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் எங்கள் செட் என் மடியில் இருந்தது. விக்கிரவாண்டியில் சவுரிராயன் என் பக்கம் திரும்பினான்.

"என் மானத்த வாங்கிட்டீங்க நர்சம்மா. இனிமே அந்த ஊருல எப்பிடித் தலகாட்டுவேன்?"

"காட்டாத. திங்கக்கெழம ஆஸ்பத்திரி. காலையில ஒண்ணும் துன்னக் கூடாது. தண்ணிகூட."

திண்டிவனத்தில் செட்டை வாங்க இரண்டு கையையும் நீட்டினான். தட்டிவிட்டு நானே இறங்கினேன்.